கயிறு பெருகிய நாள்

தை மாதத்து மூன்றாவது ஞாயிறன்று காலைப் பூசை முடிந்து வீடு திரும்பிய சாளைத்துறைக்காரர்களால் ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்க முடியவில்லை. ஆட்டுக்கயிறு அவிழவில்லை, தொட்டில் கயிறு அவிழவில்லை, கிணற்று வாளியின் கண்ணி அவிழவில்லை, அரிசி மூட்டையின் வாய்க்கட்டு அவிழவில்லை, வேட்டி நிற்பதற்காக இடுப்பில் கயிறு கட்டியிருந்த ஒரு புது மாப்பிள்ளை பட்ட பாட்டை இங்கே சொல்ல வேண்டாம். ஆம்பிளைகள் கட்டுமரம் ஏறி, பொம்பிளைகள் தேங்காய்க் கதம்பை அடித்து நார் எடுத்துக் கயிறு திரித்துப் பிழைக்கிற கடற்கரை ஊர் அது. முடிச்சு என்றால் அவர்களுக்குப் புதிதா என்ன? நகத்தால் நெம்பினார்கள், பல்லால் கடித்தார்கள், எண்ணெய் விட்டார்கள், வெந்நீர் ஊற்றினார்கள். மத்தியானம் ஆனதும், சரி, இன்னைக்கு அவிழாது போல என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

தெற்குத் தெரு இன்னாசியம்மாளுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை, சலேத்து என்று பெயர். புருஷன் ரொசாரி. புருஷனுக்கு ஐந்து தடி சேர்த்துக் கட்டிய கட்டுமரம். கடலுக்குப் போகும்போது தடிகளைச் சேர்த்துக் கட்டுவதும், கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் தனித்தனியாகப் போட்டு வெயில் காட்டுவதும்தான் அந்தத் தொழிலில் பாதி. காயாத தடி தண்ணீர் குடிக்கும், தண்ணீர் குடித்த தடி நாளுக்கு நாள் அமிழும், ஒருநாள் ஆளோடு அமிழும்.

"அவிழலேன்னா என்னளா, நாளைக்குக் கட்டுத வேலை மிச்சம்லா" என்று சிரித்தான் ரொசாரி. அவன் எதற்கும் சிரிக்கிற ஆள். மறுநாள் இன்னாசியம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மிதந்துகொண்டிருந்த மரத்தின் பக்கத்தில் கையை விரித்து அளந்து பார்த்தாள். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் தினமும் அளந்தாள்.

அறுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சுலபம். நான்காம் நாள் வடக்குத் தெருவில் பட்டங்கட்டி, அதாவது ஊர்த் தலைவர், மூக்குக்கு மேலே கோபம் வைத்திருக்கிற மனுஷன், வாளிக்கயிற்றை அரிவாளால் ஒரே போடு போட்டார். அதே நொடியில் தெற்குத் தெருவில் ஒரு வெள்ளாட்டின் கழுத்துக்கயிறு தானாக இறுகி, ஆடு நாக்கைத் தள்ளிச் செத்தது. தற்செயலா இல்லையா என்று பார்ப்பதற்காகத் தெற்குத் தெருக்காரர்கள் ஒரு வலைக்கயிற்றை அறுத்தார்கள். வடக்குத் தெருவில் ஒரு கன்றுக்குட்டி போயிற்று. யாரும் மந்திரவாதியைத் தேடிப் போகவில்லை. இங்கே அறுத்தால் அங்கே இறுகும், அங்கே அறுத்தால் இங்கே இறுகும், அவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு, ஆட்டுக்கறியையும் கன்றுக்கறியையும் இரண்டு தெருவும் பங்கு போட்டுத் தின்றன.

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாலிக்கயிறு அறுந்தது என்று எந்தப் பொம்பிளையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், பெருகிப்போச்சு என்பாள். சாளைத்துறையில் எல்லாக் கயிற்றுக்கும் அந்த மரியாதை உண்டு, ஏனென்றால் நடுக்கடலில் ஆம்பிளையைப் பிடித்துவைத்திருப்பது கயிறுதான். வலைக்கயிறு பெருகிப்போச்சு, வாளிக்கயிறு பெருகிப்போச்சு என்றுதான் பேச்சு. ஆடும் கன்றும் செத்த பிறகு அந்த வார்த்தையையும் யாரும் நாக்கில் வைக்கவில்லை, சோற்றுப்பானை பொங்கினால்கூட வேறு ஏதாவது சொன்னார்கள்.

அதன் பிறகு இரண்டு தெருவும் கோயில் முற்றத்தில் கூடி, ஒருவரும் எதையும் அறுப்பதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்து வீட்டுக்குப் போனவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் அறுத்துவிட்டால்? என்று தெற்குத் தெரு தனியாகக் கூடி, வடக்குத் தெரு ஒன்றை அறுத்த நொடியில் நம் தெருவில் எல்லாரும் எல்லாவற்றையும் அறுத்துவிட வேண்டும், அறுந்த கயிறு யாரையும் நெரிக்காது என்று முடிவு செய்தது. வடக்குத் தெருவும் சும்மா இருக்குமா? அதே முடிவை அதே வார்த்தைகளில் எடுத்தது. தெற்கில் வீட்டுக்கு ஒரு கத்தி வாங்கி இடுப்பில் செருகினார்கள். அதைப் பார்த்து வடக்கில் வீட்டுக்கு இரண்டு வாங்கினார்கள். அதைப் பார்த்துத் தெற்கில் முடிச்சுக்கு ஒன்றாகவே தொங்கவிட்டார்கள். யாரைக் கேட்டாலும், சண்டை வரக் கூடாதுன்னுதான் வச்சிருக்கோம் என்றார்கள், பொய்யும் சொல்லவில்லை. இதில் பெரிய கூத்து, இரண்டு தெருவும் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, மாமன் மச்சான். இன்னாசியம்மாளின் கூடப்பிறந்த அக்கா கித்தேரியம்மாளே வடக்குத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்கா இடுப்பில் இரண்டு கத்தி, தங்கை இடுப்பில் ஒன்று, இருவரும் ஒரே ராட்டில் ஆளுக்கொரு பக்கம் நின்று கயிறு திரித்தார்கள்.

அந்தக் கயிறு எங்கே போயிற்று என்றால், கப்பலுக்கு. இரண்டு வெள்ளைக்காரக் கம்பெனிகள் சாளைத்துறையில் கயிறு வாங்கின. ஒரு கம்பெனி ஒரு ராஜாவின் சண்டைக் கப்பல்களுக்கு அனுப்பியது, இன்னொன்று அவருக்கு ஆகாத ராஜாவின் சண்டைக் கப்பல்களுக்கு அனுப்பியது. கயிற்றுக் களத்தில் நீளமாகத் திரித்த, இன்னும் முடிச்சு விழாத ஒரே கயிற்றை நடுவில் துண்டாக்கி ஒரு பாதி இங்கே, மறு பாதி அங்கே, மிஞ்சின வால் துண்டு ஊருக்குள் ஆட்டுக்கும் கிணற்றுக்கும் தொட்டிலுக்கும். ஆக, எங்கேயோ எவனோ கட்டுகிற கட்டு இங்கே இழுக்கிறது என்று இன்னாசியம்மாள் நினைத்தாள். மற்றவர்கள் அதுவரைக்கும்கூட யோசிக்கவில்லை, அவரவருக்கு வேலை இருந்தது.

மாசி மாதம் கம்பெனிகளுக்குப் புது ஏஜெண்டாக சங்கரலிங்கம் பிள்ளை வந்து சேர்ந்தார். உள்நாட்டுக்காரர், கடலைப் பார்த்தாலே தலை சுற்றும், நல்ல மனுஷர். நார் உலர்த்துகிற களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பார்.

"இந்த ராஜாவ யாராவது அடிச்சா அந்த ராஜா கைகுடுப்பாராம். அந்த ராஜாவ அடிச்சா மூணாவது ராஜா வருவாராம். அதைப் பாத்துட்டு எதிர்ப்பக்கத்து ராஜாவும் ரெண்டு பேரச் சேத்துக்கிட்டாராம். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு."

"எதுக்கு ஏசண்டையா கையெழுத்து?" என்றாள் கித்தேரியம்மாள்.

"சண்டை வராம இருக்கத்தான்."

"அவங்கள்லாம் யாரு எவரு?"

"ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரங்கதான். பெரியப்பன் மகன், சித்தப்பன் மகன். ஆனா எந்தத் தீவு யாருக்கு, எவன் கப்பல் பெருசு, எவன் முன்னால நடக்கணும்னு உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கு. இவன் ஒரு கப்பல் கட்டினா அவன் ரெண்டு கட்டுதான். நமக்கென்ன, கப்பல் கூடினா கயிறும் கூடும்."

கித்தேரியம்மாள் தங்கையைப் பார்த்தாள். "அங்கயும் முடிச்சு அவிழல போல" என்றாள். களத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

சங்கரலிங்கம் பிள்ளை ஒரு கையெழுத்தைப் பற்றிப் படித்த மறுநாள் காலை, ஊரில் உள்ள ஒவ்வொரு முடிச்சும் ஒரு விரற்கடை கயிற்றைத் தின்றிருக்கும். இதை முதலில் கண்டுபிடித்தவள் இன்னாசியம்மாள், ஏனென்றால் தொட்டில் ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது. பங்குனியில் வாளி தண்ணீருக்கு எட்டவில்லை, ஆட்கள் கிணற்றுக்குள் படி வெட்டி இறங்கினார்கள். சித்திரையில் ஆடுகள் முளைக்குச்சியோடு கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றன, அவற்றுக்கு வாயிலேயே புல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பொம்பிளைகளின் தாலி வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு வந்தது, இதுவும் லட்சணமாத்தான் இருக்கு என்று சொல்லிக்கொண்டார்கள். இன்னாசியம்மாள் தொட்டிலில் பிள்ளையைப் போடுவதை விட்டுவிட்டாள். ஆனால் கயிறு விட்டத்திலேயே கிடந்தது, அறுத்தால் வடக்குத் தெருவில் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ.

வைகாசியில் ரொசாரியின் மரம் தண்ணீருக்கு மேலே நான்கு விரல் தெரிந்தது. ஆனியில் இரண்டு விரல். ஊரில் மற்றவர்கள் மரம் புதுசு, கொஞ்சம் தாங்கியது; ரொசாரியின் தடிகள் அவன் அப்பன் காலத்தவை. அவன் இப்போது முழங்கால் நனைய மண்டியிட்டபடிதான் துடுப்புப் போட்டான், சிரிப்பதில்லை. "போகாதீங்க" என்று அவள் அழுதாள். "போகாம எதைத் திங்க? உன் கயித்துக் கூலியில மூணு வயிறு நெறையுமா?" என்றான். அது உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

ஆத்திரத்தில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. ரொம்பச் சின்ன வழி. அக்காவிடம் போய்ச் சொன்னாள்: "அக்கா, எல்லா ஆம்பிளையும் கரையில இருக்கப்போ, ஒரே நேரத்துல, ஒரு ஆளு சொல்லச் சொல்ல, ரெண்டு தெருவும் சேந்து எல்லாத்தையும் அறுத்திருவோம். எதுவும் மிச்சமில்லாட்டி எது இறுகும்?"

கித்தேரியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஏளா, இது ஏன் அஞ்சு மாசமா ஒருத்தனுக்கும் தோணல!"

கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் சரி என்றார்கள். அடுத்தது, சொல்லப்போகிற ஆள் யார்? வடக்குத் தெருப் பட்டங்கட்டி, ஊர்த் தலைவர் நான்தானே சொல்லணும் என்றார். அப்படியானால் எங்க தெரு உங்களுக்குக் கீழயா என்றது தெற்கு. சரி, பூசை வைக்கிற சாமியார் சொல்லட்டும் என்றார்கள். சாமியார் வடக்குத் தெருவில்தானே சாப்பிடுகிறார் என்றார்கள். ஒரு முடிச்சை ஒளித்து வைத்துக்கொண்டு அறுத்துவிட்டேன் என்று சொன்னால் யார் சோதிப்பது? அவங்க வீட்டுக்குள்ள நாங்க நுழைவோம் என்றது வடக்கு. நுழைஞ்சுதான் பாருங்களேன் என்றது தெற்கு. கடைசியில் பேச்சு எப்படியோ கொடிமரத்தில் போய் முட்டியது. ஆடித் திருவிழாக் கொடியேற்றத்தில் கொடிக்கயிற்றை முதலில் பிடிப்பது எந்தத் தெரு என்று மூன்று தலைமுறையாகத் தீராத வழக்கு ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அந்த வழக்கு அன்றைக்கே வந்துவிட்டது. நாற்காலிகள் பறந்தன, கூட்டம் கலைந்தது. எல்லாரும் ரோஷத்தோடு வீட்டுக்குப் போனார்கள், கொடிக்கயிற்றுக்கு இரண்டு பக்கமும் காவல் போட்டார்கள். இன்னாசியம்மாள் மட்டும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆடி பிறந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலை, திருவிழாச் செலவுக்கு மீன் வேண்டும் என்று பதினோரு கட்டுமரங்கள் கடலுக்குப் போயின. ரொசாரி கிளம்பும்போது மரம் தண்ணீருக்கு மேலே தெரியவே இல்லை. தண்ணீர்மேல் ஒரு மனுஷன் மண்டியிட்டுப் போவதுபோல் இருந்தது.

"நாளைக்குப் போகமாட்டேன், கொடியேத்தம்லா" என்று சொன்னான். "போயிட்டு வாரேன்."

"வாங்க" என்றாள்.

வெயில் ஏறுகிற நேரம். இன்னாசியம்மாள் வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது சங்கரலிங்கம் பிள்ளைக்கு இரண்டு தந்திகள் வந்தன. இரண்டு கம்பெனியும் கயிற்றை இரண்டு மடங்காகக் கேட்டிருந்தன. பாவம், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் சந்திக்கிற கொடிமரத்தடிக்கு ஓடிவந்து, இரண்டு கையையும் உயர்த்தி ஊருக்கே கேட்கும்படி கத்தினார்:

"பெருகிப்போச்சு! கயிறு பெருகிப்போச்சு!"

ஆறு மாதமாக அந்த ஊரில் யாரும் உச்சரிக்காத வார்த்தை. அவர் வந்த நாளிலிருந்து அது யார் வாயிலும் வரவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? வடக்குத் தெரு, தெற்கு கொடிக்கயிற்றை அறுத்துவிட்டது என்று கேட்டுக்கொண்டது. தெற்குத் தெரு, வடக்கு அறுத்துவிட்டது என்று கேட்டுக்கொண்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, காவல் நின்றவர்கள்கூடக் கயிற்றை நிமிர்ந்து பாராமல் வீட்டுக்கு ஓடினார்கள். எட்டிப் பார்க்கிற நேரத்துக்குள் இறுகிவிடுமே என்றுதானே கத்தியே வாங்கியது. ஆம்பிளை கடலுக்குப் போன வீட்டில் கிழவர்கள் அறுத்தார்கள், பொம்பிளைகள் அறுத்தார்கள், வியாதிக்காரர்கள் படுக்கையில் இருந்தபடி கட்டில் கயிற்றை அறுத்தார்கள். இன்னாசியம்மாள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அம்மா மாதாவே என்று அலறி, தொட்டில் கயிற்றை அறுத்தாள். அறுத்தது அவள் கைதான். அதைப் பிற்பாடு அவள் ஒருநாளும் மறைக்கவில்லை.

அறுத்து முடித்ததும் ஊர் அமைதியானது. பிறகு, அறுபடாமல் மிஞ்சியிருந்த முடிச்சுகள் எல்லாம் தாமாகவே, மெத்தென்று, அவிழ்ந்தன. அரிசி மூட்டை வாய் திறந்து கொட்டியது. கோயில் மணிக்கயிறு நழுவி விழுந்தது. தாலிகள் கழன்று பொம்பிளைகளின் உள்ளங்கையில் வந்து விழுந்தன. ஆடுகள் தலையை உதறிக்கொண்டு தெருவில் ஓடின. ஆறு மாதத்துக்குப் பிறகு ஆடு ஓடுவதைப் பார்த்து ஊர் சிரித்தது, வடக்கும் தெற்கும் கட்டிப்பிடித்துக்கொண்டன, கித்தேரியம்மாள் கொடிமரத்தடியில் நின்று கைதட்டினாள்.

இன்னாசியம்மாள்தான் கடலைப் பார்த்தாள்.

பதினோரு மரங்களில் இருபத்தாறு பேர் போயிருந்தார்கள். நடுக்கடலில் கட்டு அவிழ்ந்ததும் தடிகள் திசைக்கொன்றாகப் போயின. தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பத்தொன்பது பேர் சாயங்காலத்துக்குள் கரையேறினார்கள். மற்ற ஏழு பேர் வரவில்லை. ரொசாரியின் தடிகளுக்கு அவனைத் தாங்குகிற சத்து இருக்கவில்லை என்று கரையேறிய ஒருவன் சொன்னான். இரண்டு தடியை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தானாம். எட்டு நாள் கழித்து அந்த ஐந்து தடிகளும் ஒவ்வொன்றாக வந்து ஒதுங்கின. அவள் அவற்றை இழுத்து மணலில் தனித்தனியாகப் போட்டு வெயில் காட்டினாள்.

விசாரணைக்குத் தாசில்தார் வந்தார். முதலில் அறுத்தது யார் என்று வீடு வீடாகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதே ஏழு பேர் சாவுக்குக் காரணம் என்று எழுதி முத்திரை குத்தினார். பிள்ளை குன்றிப்போனார். களத்தில் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டு, ஒருநாள் இன்னாசியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அங்கயும் யுத்தம் ஆரம்பிச்சிட்டும்மா. எல்லா ராஜாவும் எறங்கிட்டாங்க. எவனோ ஒருத்தன் ஒரு இளவரசனச் சுட்டுட்டானாம், அதான் காரணம்னு பேப்பர்ல போட்டிருக்கான். அங்க அவன், இங்க நான்."

"அவன் சுட்டது தப்புத்தான், ஏசண்டையா. நீங்க கத்துனதும் தப்புத்தான்" என்றாள் அவள். "ஆனா என் இடுப்புல கத்தி நீங்க வாரதுக்கு முன்னாலயே இருந்திச்சு. யாரு அறுத்தா, யாரு அறுத்தான்னு கேட்டுட்டுப் போறாரு அந்த அதிகாரி. யாரு கட்டுனான்னு ஒரு வார்த்த கேக்கலியே." சொல்லிவிட்டுத்தான் அழுதாள். ரொசாரி போன பிறகு அதுவரை அவள் அழுதிருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, தாலி கழற்ற அக்கா கித்தேரியம்மாளும் நான்கு பொம்பிளைகளும் வந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஊர் முழுக்க அவிழ்ந்த அன்றைக்கும் இன்னாசியம்மாள் கழுத்தில் இருந்த தாலி முடிச்சு மட்டும் அவிழவில்லை. நெஞ்சிலிருந்து காறையெலும்புக்கு ஏறியிருந்தது. கித்தேரியம்மாள் நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கத்தியை எடுத்தாள். இன்னாசியம்மாள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எத்தன ராஜா எறங்கியிருக்காங்கன்னாரு ஏசண்டையா?"

"ஏழோ எட்டோ. கூடிக்கிட்டே போகுதாம்."

"அம்புட்டு ராஜா ஊர்லயும் பொம்பிளைங்க இருப்பாங்கல்லா? இத அறுத்தா எவ கழுத்துல இறுகும்னு உனக்குத் தெரியுமா அக்கா?"

கித்தேரியம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து செத்தவனின் தாலியோடு நடமாடுகிற இன்னாசியம்மாளை ஊர் ஒன்றும் சொல்லவில்லை, அப்படி ஒரு பழக்கம் எப்போதும் இருந்ததுபோல எடுத்துக்கொண்டது. அவள் களத்துக்குப் போய்க் கயிறு திரித்தாள், இரண்டு மடங்கு, பிறகு நான்கு மடங்கு. முறுக்கு தளர்வா இருக்கே என்று பிள்ளை கேட்டால், இம்புட்டுப் போதும் என்பாள்.

ஐந்து வருஷம் போயிற்று. சலேத்து கடற்கரையில் ஓடி விளையாடினாள். ஒரு காலையில் பிள்ளை களத்துக்கு வந்தார். இந்த முறை ஓடி வரவில்லை, கத்தவும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையையும் தடவிப் பார்த்து எடுத்துவைப்பவர்போலப் பேசினார்.

"யுத்தம் முடிஞ்சு, தோத்தவங்களும் ஜெயிச்சவங்களும் ஒரு பெரிய மாளிகையில உக்காந்து பேசினாங்களாம். தோத்தவன் என்னென்ன குடுக்கணும், எந்த ஊரு யாருக்குன்னு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே யுத்தம்கிறதே கிடையாதாம்."

பொம்பிளைகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். கித்தேரியம்மாள் ராட்டை விட்டுவிட்டு வந்து, இனிமேலாவது அவிழும் என்று தங்கையின் கழுத்தில் கைவைத்தாள். நேற்று வரைக்கும் கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும்.

"என்னக்கா?" என்றாள் இன்னாசியம்மாள்.

"ஒரு விரல்தான் போகுது" என்றாள் கித்தேரியம்மாள்.